வாய்க்கு ஒரு புள்ளி

வெள்ளிக்கிழமை இரவு முகாமிலிருந்து வீட்டுக்கு வரும்போது என் நகக்கண்ணில் கரி இருக்கும். துப்பாக்கிக் கரி. எஸ்ஏஆர் 21 என்று சிங்கப்பூரிலேயே செய்த துப்பாக்கி அது. சுட்டு முடித்ததும் பாகம் பாகமாகக் கழற்றி, எண்ணெய் விட்டு, குழலுக்குள் வெள்ளைத் துணியை விட்டு இழுத்து இழுத்துத் துடைக்க வேண்டும். போன நிறத்திலேயே துணி திரும்பி வரும்வரை விடமாட்டார்கள். சுடுதிடலில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு; வெடித்துத் தெறித்த காலி உறையைக்கூடப் புல்லில் தேடி, எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஐந்து நாளும் இப்படித்தான். அந்த ஐந்து நாளில் நான் வாய் திறந்து சொன்னது பெரும்பாலும் இரண்டே சொல்: ‘யெஸ், சார்ஜண்ட்.’

அது 2007. எனக்கு இருபது வயது, தேசிய சேவையில் இருந்தேன். வெள்ளி இரவு புக் அவுட், ஞாயிறு இரவு புக் இன். இடையில் கிடைத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் கழியும். கையில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர். திரையில் மறுபடியும் துப்பாக்கி.

“அங்க அஞ்சு நாளா சுட்டது பத்தாதா? இங்க வந்தும் சுடணுமா?” என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. சிரித்து மழுப்புவேன். இப்போது கேட்டால் சொல்வேன்: நான் சுடுவதற்காக உட்காரவில்லை அம்மா, பேசுவதற்காக உட்கார்ந்தேன்.

அதற்கு முன்பு, பள்ளிக்கூட நாட்களில், ஆட்டம் என்றால் செலிகி சாலைதான். பார்க்லேன் கட்டடத்தில், கணினிகளை இணைத்துக் கூட்டாக ஆடும் லேன் கடைகள் இருந்தன. மணிக்கு இரண்டு, மூன்று வெள்ளி. சீருடையோடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புத்தகப் பையில் ஒரு டி-சட்டை எப்போதும் சுருட்டி வைத்திருப்போம். உள்ளே ஏர்கான் குளிரும், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வாசனையும், முப்பது பையன்களின் கூச்சலும். கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒருவன் செத்தால் நான்கு வரிசை தள்ளிச் சுட்டவன் எழுந்து நின்று கத்துவான். டயப்லோ 2 ஆடும்போது அரக்கன் விழுந்ததும் கீழே சிதறும் வாளுக்கும் கவசத்துக்கும் அடிதடி நடக்கும். சேர்ந்து கொன்றவர்கள் பொறுக்குவதில் சேரமாட்டார்கள். 2005-இல் வேர்ல்ட் சைபர் கேம்ஸ் இறுதிச் சுற்று சன்டெக்கில் நடந்தபோது உலகமே எங்கள் லேன் கடைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. அந்த நாட்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நாங்கள் கத்தினோம், பேசவில்லை.

பேச்சு வந்தது மாஸ் எஃபெக்ட்டோடு.

கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்த ஆட்டம் அது. பாதி சுடுவது, பாதி ஆர்பிஜி. அதாவது ஒரு பாத்திரத்தை நாமே வளர்த்து, அவருடைய முடிவுகளை நாமே எடுத்து, கதையை நடத்திப் போவது. வெளிவரும் முன்பே சிங்கப்பூரில் பெரிய செய்தியாகிவிட்டது. ஒரு பெண்ணும் வேற்றுக் கிரகப் பெண்ணும் நெருங்கும் காட்சி இருக்கிறது என்று 2007 நவம்பர் நடுவில் ஊடக மேம்பாட்டு ஆணையம் அதைத் தடை செய்தது. முகாமில் நாங்கள் படுக்கும் பங்க்கில் அன்றிரவு எல்லோருக்கும் அதே பேச்சு. பிறகு சட்டென்று தடையை நீக்கி, 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று எம்18 முத்திரை குத்தி விட்டார்கள். ஆட்டங்களுக்கு வயது வாரியாகத் தரம் பிரிக்கும் முறை 2008 ஏப்ரலில்தான் முறையாக நடைமுறைக்கு வந்தது. ஃபுனானில் வாங்கப் போனபோது காசாளர் வயதைக் கேட்டார். நாங்கள் மூவரும் ஒன்றாக எங்கள் 11பி அட்டையை, ராணுவ அடையாள அட்டையை, எடுத்து மேசையில் வைத்தோம். ஒரு விளையாட்டுக் கடையில் பெரிய மனிதர்களாக நாங்கள் நின்ற முதல் நாள் அது.

மூவர் என்றால் நான், உட்லண்ட்சிலிருந்து வரும் மலாய் நண்பன், தோ பாயோவின் சீன நண்பன். மூவரும் ஒரே செக்‌ஷன். எக்ஸ்பாக்ஸ் மலாய் நண்பனுடையது. அதை முதுகுப் பையில் போட்டு எம்ஆர்டியில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவான். எங்கள் வீடு ஃபேரர் பார்க் பக்கம், தேக்காச் சந்தைக்கு நடந்துவிடலாம் என்பதால் சாப்பாட்டுக் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை அம்மா சைவம். ஆனால் அவனுக்காக நானே தேக்கா முஸ்லிம் கடைக்குப் போய்ப் பரோட்டாவும் மட்டன் குழம்பும் கட்டிக்கொண்டு வருவேன். ஆட்டத்தை முதலில் போட்ட அன்று தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது, முறுக்கு டப்பா இன்னும் காலியாகவில்லை.

ஆட்டத்தில் நாம் கமாண்டர் ஷெப்பர்ட். எதிரே நிற்பவர் பேசி முடிக்கும் நேரத்தில் திரைக்கு அடியில் ஒரு சக்கரம் வரும். அதைச் சுற்றிப் பதில்கள். தணிந்து பேசலாம், வெட்டிப் பேசலாம், மேலும் விவரம் கேட்கலாம். எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நாளாக ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அந்தச் சக்கரத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்! முதல் நாள் இரவு ஒரு சின்னக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று பேரும் பத்து நிமிடம் வாதாடினோம். துப்பாக்கிச் சண்டை வந்தபோது கன்ட்ரோலரை யாரிடமாவது தள்ளிவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்தூக்கி.

சிட்டாடல் என்று விண்வெளியில் மிதக்கும் ஒரு பெருநகரம் கதையில் வரும். அதன் பல பகுதிகளுக்கு மின்தூக்கியில்தான் போக வேண்டும். அடுத்த இடத்தைக் கருவி ஏற்றிக்கொள்ளும் நேரத்தை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. கதவு மூடினால் திறக்க வெகுநேரம் ஆகும். ஆடியவர்கள் பலரும் இதைத்தான் குறை சொன்னார்கள், சலிப்புத் தட்டுகிறது என்று. ஆனால் அந்த நேரத்தில் நம் பின்னால் நிற்கும் இரண்டு தோழர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வேறு வேறு இனம், பழைய பகை, மெல்லிய கிண்டல், சில சமயம் ஒரு மரியாதை. கதையின் பெரிய காட்சிகளில் கிடைக்காத நெருக்கம் அந்த நான்கு சுவர்களுக்குள் கிடைத்தது.

எங்கள் புளோக்கின் மின்தூக்கியும் அப்படித்தான். பழைய வீடமைப்புக் கழக வீடு. ஒன்று, ஐந்து, ஒன்பது என்று மூன்று மாடியில் மட்டும் நிற்கும். நாங்கள் ஏழு. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும். ஆறாம் மாடிப் பாட்டி தேக்காச் சந்தையிலிருந்து தள்ளுவண்டிப் பையோடு வருவார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏற்றிவிடுவது என் வேலை. ஏறி முடிப்பதற்குள் அவர் விசாரிக்காத விஷயம் இருக்காது. எந்த முகாம், சேவை முடியும் ஓஆர்டி எப்போது, கூட வருகிற மலாய்ப் பையனுக்கு அம்மா என்ன சாப்பாடு போட்டார். ஒரு நாள் மூச்சு வாங்கப் படியில் நின்றபோது சொன்னார்: “உங்கப்பன் சின்ன வயசுல வாய் ஓயாதுடா. கோயில் திருவிழான்னா மைக்க அவன்கிட்டதான் குடுப்பாங்க. துறைமுக வேலைக்குப் போனப்புறம்தான் இப்படி ஆயிட்டான்.”

நான் அப்பாவை மைக்கோடு பார்த்ததே இல்லை. கப்பலில் அடுக்கிய கொள்கலன்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டும் வேலை அவருக்கு. பெரும்பாலும் இரவு முறை. இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது. எல்லாம் கைச் சைகைதான்; விரலைச் சுழற்றினால் ஏற்று. வீட்டுக்கு வந்தும் அப்படியே. சாதம் போதும் என்றால் உள்ளங்கையைக் காட்டுவார். அவர் இல்லாத இடத்தில் அம்மாகூட அந்தச் சைகையைப் பழகிவிட்டிருந்தார்.

எங்கள் ஆட்டத்தை அவர் பின்னாலிருந்து பார்ப்பார். சோபாவின் ஓரத்தில், தூக்கம் கலைந்த முகத்தோடு, கோப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி. ஒன்றும் சொல்ல மாட்டார்.

கதையில் ரெக்ஸ் என்று ஒரு தோழர். க்ரோகன் இனம், ஓணானும் ஆமையும் கலந்த மாதிரி பெரிய உருவம், முதுகில் கூன், முகத்தில் வெட்டுத் தழும்பு. அவர் இனத்தார் பெருகாமல் இருக்க மற்ற இனங்கள் சேர்ந்து அவர்கள்மேல் ஒரு நோயை ஏவியிருக்கும். பிள்ளைகள் பிறப்பதே அபூர்வம். விர்மையர் என்ற கிரகத்தில் அந்த நோய்க்கு மருந்து தயாராகும் இடத்தையே தகர்க்கும் வேலை நமக்கு வரும். ரெக்ஸ் கடற்கரையில் தண்ணீரோரம் நின்று துப்பாக்கியை நம் பக்கம் திருப்புவார். நம்முடைய ஆள், இத்தனை நாள் கூடவே வந்தவர்.

சக்கரம் வந்தது. சரியான பதில் அதில் இருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில் இருந்தது. அமுக்கினால் எடுக்கவில்லை.

இந்த ஆட்டங்களில் ஒவ்வொரு படி ஏறும்போதும் சில புள்ளிகள் கிடைக்கும். துப்பாக்கிக்குப் போடலாம், கவசத்துக்குப் போடலாம், இதமாகப் பேசவும் மிரட்டிப் பேசவும் போடலாம். நாங்கள் பேச்சை ரசித்துக்கொண்டே புள்ளியை எல்லாம் துப்பாக்கியில் போட்டிருந்தோம். குறி தப்பக் கூடாது என்பதுதான் எங்களுக்கு அப்போது தெரிந்த ஒரே பயம். வாய்க்கு ஒரு புள்ளிகூட இல்லை. ரெக்ஸ் அந்தக் கரையிலேயே விழுந்தார். சீன நண்பன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். யாரும் பேசவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து அப்பா கேட்டார். “அவன் கேக்குறதுல நியாயம் இருக்கேப்பா. பேசிப் பாத்திருக்கலாமே?”

தமிழில்தான் கேட்டார். என் நண்பர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள், என்ன சொல்கிறார் என்று. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். புள்ளி விவகாரத்தை அப்பாவுக்கு விளக்கவில்லை. விளக்கியிருக்கலாம். ஞாயிறு மாலை ஆறு மணி ஆகிவிட்டது, பூட்ஸுக்குப் பாலிஷ் போட வேண்டியிருந்தது.

*

பதினேழு, பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. பார்க்லேன் பக்கத்தில் இருந்த பீஸ் சென்டரை 2024 ஜனவரி இறுதியில் மூடிவிட்டார்கள். நாங்கள் டி-சட்டையை ஒளித்துக்கொண்டு போன அதே ஆட்டத்துக்கு இன்று அரசாங்கமே மேடை போடுகிறது: 2022-இல் டோட்டா 2-இன் உலகப் போட்டி இங்கே உள்விளையாட்டு அரங்கில் முடிந்தது, 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சன்டெக்கில் நடந்தது. அதில் துப்பாக்கி சுடுதலும் உண்டு. ஃபோர்ட்நைட்டில் அதற்கென்றே ஒரு தீவு அமைத்து, ஆட்களைச் சுடாமல் இலக்குகளை மட்டும் சுட வைத்தார்கள். செய்தியில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் இப்போது பொங்கோலில் இருக்கிறேன். அலுவலகத்தில் நாள் முழுக்கப் பேச்சுத்தான் வேலை. காலை முதல் மாலைவரை யார் யாருக்கோ பதில் சொல்லி, முடிவு சொல்லிக் களைத்துவிட்டால், வீட்டில் சக்கரம் வைத்த ஆட்டத்தைத் தொட மனம் வராது. சில வருடங்களாக நான் ஆடியதெல்லாம் வெறும் சுடும் ஆட்டம். கதைக் காட்சி வந்தால் பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவேன். அக்கா மகன் தேசிய சேவைக்குப் போன பிறகுதான் இது மாறியது.

பூலாவ் தேக்கோங்கில் பயிற்சி. சனி, ஞாயிறு தாத்தா வீட்டுக்கு வந்துவிடுவான், என் பழைய வீட்டுக்கு. நானும் போய்விடுவேன். அந்த புளோக்கின் மின்தூக்கி இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய நிம்மதி. பாட்டி இல்லை. ஆறாம் மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை முழுக்க அவன் பால்டர்ஸ் கேட் 3 ஆடினான். 2023-இல் வந்த மாயாஜால ஆட்டம், பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனத்துடையது. மந்திரம், பூதம், டிராகன் எல்லாம் உண்டு. ஒருவரை இணங்க வைக்க முயன்றால் இருபது முகமுள்ள ஒரு பகடை திரையில் உருளும். நம் வாய்த்திறமைக்கு உள்ள புள்ளியைக் கூட்டி, போதுமான எண் வந்தால் அவர் இணங்குவார். ஒன்று விழுந்தால் எவ்வளவு புள்ளி இருந்தும் பயனில்லை. அப்பா பகடை உருளும்போதெல்லாம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தாயம் ஆடியவர் அவர். மிருகங்களோடு பேசும் மந்திரத்தைப் போட்டு மருமகன் ஒரு எருதிடம் போய்ப் பேசியபோது, “மாடு என்னடா சொல்லுது?” என்று கேட்டார்.

“ஏன்டா பாடகன எடுத்திருக்க? வாள்வீரன எடுக்கலையா?” என்று நான் கேட்டேன்.

“பேசத் தெரிஞ்சவன எடுத்தா பாதிச் சண்டை வராது மாமா. வாரம் பூரா யெஸ் சார்ஜண்ட், யெஸ் சார்ஜண்ட். வாய் துருப்பிடிச்சுப் போச்சு.”

ஞாயிறு மதியம் பரோட்டா வாங்க நான் தேக்கா பக்கம் போனேன். ஞாயிறன்று அங்கே நடக்க இடமிருக்காது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து கட்டட வேலை பார்க்கும் தம்பிகளுக்கு வாரத்தில் கிடைக்கிற ஒரே நாள். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தம்பி மரத்தில் சாய்ந்து, காதில் ஒயர் மாட்டி, கைபேசியைக் குறுக்காகப் பிடித்து ஃபிரீ ஃபயர் மேக்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். கட்டை விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. வாயும். “இடது பக்கம் வர்றான்டா... சரி, அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் என்னைக்கு?... சுடு சுடு... டாக்டர் என்ன சொன்னாரு?”

ஆட்டம் முடிந்ததும் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கம். மறுமுனையில் ஊரில் இருக்கும் சொந்தத் தம்பி. இந்திய அரசு 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது இருவருக்கும் ஆட்டம் போனது. ஃபிரீ ஃபயருக்கு மாறினார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த கரேனாவின் ஆட்டம் அது. 2022 பிப்ரவரியில் அதற்கும் அங்கே தடை. மேக்ஸ் என்ற இன்னொரு வடிவம் தப்பியது, அதைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு சிரமப்பட்டு ஏன் என்று கேட்டேன்.

“வீடியோ கால் போட்டா ‘சாப்டியா, சாப்டேன்’ அதோட முடிஞ்சுருதுண்ணே. மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்ன பேசுறதுன்னு தெரியாது. இதுல கை பாட்டுக்கு வேலை செய்யும். பேச்சு அதுபாட்டுக்கு வந்துரும்.”

பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த இடத்தைவிட்டு நகரச் சற்று நேரம் ஆயிற்று.

வீட்டில் மருமகன் மாஸ் எஃபெக்ட்டுக்கு மாறியிருந்தான். 2021-இல் மூன்று பாகத்தையும் துலக்கி ஒன்றாக வெளியிட்டார்களே, அது. மூன்று வாரமாக ஆடுகிறான். மின்தூக்கியில் ஏறினான். இப்போது கருவி வேகமாகிவிட்டதால் காத்திருக்க வேண்டியதில்லை. தாண்டிச் செல்லப் பொத்தான் தருகிறார்கள். அவன் விரல் அதன்மேல் போனது. “இருடா, அவங்க பேசட்டும்” என்றேன். விரலை எடுத்துவிட்டான். மூவரும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டோம். அப்பாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான்கு மணிக்கு விர்மையர் வந்தது. தண்ணீரோரம் ரெக்ஸ் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

“இவன்தானே அன்னைக்குச் செத்தான்?”

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சக்கரம் வந்தது. சாம்பல் நிறம் எதுவும் இல்லை. மருமகன் எடுத்தான். ரெக்ஸ் இன்னும் ஏதோ கேட்டார், இவன் இன்னொரு பதில் சொன்னான். துப்பாக்கி தாழ்ந்தது.

“அப்படிச் சொல்லு” என்றார் அப்பா.

புக் இன் நேரம் நெருங்கிவிட்டது. அடுத்து என்ன என்று தாத்தா கேட்க, பையைக் கட்டிக்கொண்டே அவன் சொன்னான்: “ரெண்டு பேரு ரெண்டு இடத்துல மாட்டிக்குவாங்க தாத்தா. ஒருத்தரத்தான் காப்பாத்த முடியும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்.” ஆட்டத்தை அந்த இடத்தில் சேமித்துவிட்டு, பாசிர் ரிஸ் பேருந்துக்கு ஓடினான்.

இரவு அம்மா உறங்கப் போய்விட்டார். நான் கிளம்புவதற்காகச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா இன்னும் சோபாவிலேயே இருந்தார்.

“ஒருத்தரத்தான் முடியுமாமா?”

“ஆமாப்பா. அந்தப் பொண்ணு, இல்லாட்டி அந்தப் பையன்.”

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “துறைமுகத்துல ஒரு ராத்திரி...” என்று ஆரம்பித்தார்.

சாவியை மேசையில் வைத்துவிட்டு, தொலைக்காட்சியை அணைத்து, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.